புங்க மரத்தடிக்குக் குடிவந்தவர்கள்

ஏப்ரல் 18, வெள்ளி

நந்தகுமார் இன்று மாலை சஹானாவைக் கொண்டுவந்து விட்டுப் போனான். நாளை விடியற்காலை கொச்சியிலிருந்து மஸ்கட் விமானம். அதனால் சாப்பிட உட்காரவில்லை. நின்றபடியே ஒரு டம்ளர் மோர் குடித்தான்.

"ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள முடிவு பண்ணிக்கலாம்க்கா" என்றான். முடிவு என்று அவன் சொல்வது, அவன் மகள் இனிமேல் கோயம்புத்தூரில் என்னுடன் இருப்பதா, ஈரோட்டில் அவள் சித்தி சுகன்யா வீட்டில் இருப்பதா என்பதை. அவன் மனைவி ஹேமலதா ஐப்பசியில் இறந்தாள். அதன்பின் தம்பி இத்தனை நாள் வேலைக்குத் திரும்பாமல் பிள்ளையோடு திருப்பூரில் இருந்ததே பெரிது.

"பாப்பா எங்க இருக்கறேன்னு சொல்றாளோ அங்கயே விட்டரலாம். அவ மனசுக்கு விரோதமா எதும் வேண்டாம். உனக்கு எப்படி?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

சின்ன அறையில் இருந்த புத்தகங்களையும் மண் மாதிரிப் பெட்டிகளையும் போன வாரமே கூடத்துக்கு மாற்றிவிட்டேன். சுவருக்கு வெளிர் மஞ்சள் பூசச் சொன்னேன். எப்படியும் பூச வேண்டிய சுவர்தான்.

ஏப்ரல் 19

காலையில் இட்லி. இரண்டு சாப்பிட்டாள். "இன்னொண்ணு வெக்கட்டுமா?" "வேண்டாங்க அத்தை." இன்று நாங்கள் பேசியது ஏறக்குறைய இவ்வளவுதான்.

ஏப்ரல் 22

பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் முடிந்துவிட்டன. இரண்டாம் ஆண்டு மண்ணியல் தேர்வுத்தாள்களை வீட்டில் வைத்தே திருத்துகிறேன். 'களிமண் தண்ணீரை மிகவும் விரும்புகிறது' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். அரை மதிப்பெண் போட்டேன்.

அடுக்ககத்தின் போர்வெல் மறுபடியும் வற்றிவிட்டது. லாரித் தண்ணீர்தான். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். குடங்களைச் சஹானாவும் தூக்க வந்தாள். வேண்டாம் என்றேன். போய்ப் பால்கனியில் நின்றுகொண்டாள்.

ஏழு வயதுப் பிள்ளையிடம் என்ன பேசுவது? கேட்டால் பதில் சொல்கிறாள். பதில் வந்ததும் என்னிடம் அடுத்த கேள்வி இருப்பதில்லை. சுகன்யா வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே இந்தத் தொல்லை இராது.

ஏப்ரல் 24

எதிர்வீட்டு ஹர்ஷினி கதவைத் தட்டினாள். ஒன்பது வயது, வாய் ஓயாது.

"ஆன்ட்டி, சஹானாவ அனுப்புங்க. நாங்க தேவதை வீடு கட்டறோம்."

ஏதோ வெளிநாட்டு வீடியோவில் பார்த்தார்களாம். விரலளவு தேவதைகள் வந்து தங்குவதற்குக் குச்சியிலும் இலையிலும் சின்ன வீடு. மோட்டார் அறைக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரோரம் நிற்கும் புங்க மரத்தடியில் இடம் பிடித்திருக்கிறார்கள். இதற்கு விதியும் உண்டு. கடையில் வாங்கியது எதுவும் சேர்க்கக் கூடாது, மரத்திலிருந்து பறித்ததும் கூடாது. தானாக விழுந்தது மட்டும்தான்.

"பறிச்சா தேவதைக்குக் கோவம் வந்துரும் ஆன்ட்டி."

தேவதை என்று எதுவும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். விதி நல்ல விதி என்பதால் விட்டுவிட்டேன்.

மாலையில் சஹானா மடி நிறைய வாகை நெற்றும் சவுக்குக் காயும் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினாள். அதோடு கிழியாத தென்னம் பன்னாடை ஒன்று. "இது ஜன்னல் சீலைக்குங்க அத்தை." நான் கேட்காமல் அவளாகச் சொன்ன முதல் வாக்கியம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டின் சுவர் முழுக்கப் பிளந்துவிட்டது என்று பிள்ளைகள் அலறிக்கொண்டு வந்தார்கள். தேவதையின் கோபம் என்பது ஹர்ஷினியின் கட்சி. கரிசல் மண் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும், அவ்வளவுதான் என்று நான் கீழே போய்ச் சொன்னேன்.

சொல்லிவிட்டு மேலே வந்திருக்கலாம். செம்மண்ணோடு மணல் கலந்து, சோற்றுக் கஞ்சி விட்டுப் பிசைந்து காட்டினேன். பிறகு சுவரையும் நானே எழுப்ப வேண்டியதாயிற்று. கூரைக்குத் தேக்கிலை, அதன் மேல் தென்னம் பாளை. காற்றில் பறக்காமல் இருக்க வாழைநாரால் கட்டினேன். வாகை நெற்றைப் பிளந்து கதவு. உள்ளே இலவம் பஞ்சில் ஒரு படுக்கை. மொத்தமும் ஒரு முழ உயரம் இருக்கும். புடவை வீணாகிவிட்டது.

வீட்டு முன்னால் சஹானா ஏழு கூழாங்கற்களை வரிசையாக நட்டாள்.

"வேலியா?"

"இல்லீங்க அத்தை. வீடு பாக்க வந்தவங்க. வரிசையில நிக்கறாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "இதுல யாருங்க அத்தை குடிவருவாங்க?" என்று கேட்டாள்.

பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. "யாரும் வர மாட்டாங்க. எறும்பு வரும். மழை பேஞ்சா மண்புழு வரும்."

"அப்பறம் எதுக்குங்க வாசல் வெச்சோம்?"

காற்றோட்டத்துக்கு என்றேன்.

ஏப்ரல் 29

துணி துவைத்தேன். முந்தானையில் செம்மண் கறை போகவில்லை. பரவாயில்லை, பழைய புடவை.

மே 2, வெள்ளி

காலையில் புங்க மரத்தடியில் ஏழு கற்களுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு செம்பருத்தி. எல்லாம் பறித்த பூ.

பி பிளாக் சுலோச்சனாவின் வேலை. என் வயதுதான் இருக்கும். கணவர் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் பெங்களூரில். யாரைப் பார்த்தாலும் "சாப்டாச்சுங்களா?" என்று கேட்பவர். பதிலுக்குக் காத்திருந்து கேட்பவர்.

"ஏனுங்க மேடம், ஏழு கல்லு வரிசையா, மர நெழல்ல, பக்கத்துலயே தண்ணிக் கெணறு. கன்னிமாருங்க இல்லாம வேற யாருங்க?"

எங்கள் பக்கத்தில் ஓடைக்கரையில், கிணற்றடியில், வரப்பில், எங்கும் ஏழு கல் நட்டிருக்கும். ஏழு கன்னித் தெய்வங்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் அவர்கள் இருப்பார்கள் என்பது நம்பிக்கை. இங்கே இருப்பது ஆழ்துளைக் கிணறு, அதுவும் வற்றியது. அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். ஆனால் சுலோச்சனா கற்பூரம் கொளுத்திவிட்டார். கற்பூரம் எரியும்போது குறுக்கே பேசுவது முறையில்லை.

"யாரோ வந்துட்டாங்க அத்தை" என்றாள் சஹானா. என் கையைப் பிடித்திருந்தாள். பிடித்தது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்ததும் விட்டுவிட்டாள்.

மே 5

போர்வெல்லில் தண்ணீர் வந்துவிட்டது. மலையடிவாரத்தில் மூன்று நாளாக நல்ல மழை. பெய்தது பாறை இடுக்கு வழியாக இறங்கி வந்திருக்கிறது. லிஃப்டில் சங்கத் தலைவர் தங்கவேலுவிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதேதானுங்க மேடம். கன்னிமாரு எறக்கி விட்டுருக்காங்க."

மே 9, வெள்ளி

மூன்று பிளாக் பெண்களும் மரத்தடியில் கூடிப் பொங்கல் வைத்தார்கள். வீட்டைச் சுற்றி மஞ்சள் கயிறு. செருப்போடு யாரும் நெருங்கக் கூடாதாம். கூரை கொஞ்சம் சரிந்திருந்ததை ஹர்ஷினி நிமிர்த்தப் போய், "ஏய், சாமி வூட்டுல கைய வெக்காத!" என்று வசவு வாங்கினாள். அவள் கட்டிய வீடு.

சஹானாவையும் விடாமல் வேலை வாங்குகிறார்கள். பூ எடுத்து வா, தண்ணீர் எடுத்து வா, தட்டைப் பிடி. பிள்ளை மறுபேச்சில்லாமல் ஓடுகிறது. தேக்கிலையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து எனக்குப் பாதி கொடுத்தாள். நெய் அதிகம்.

மே 10

சஹானா நான்கு இட்லி சாப்பிட்டாள்.

மே 13

இப்போது பேசுகிறாள். பேச்சு முழுவதும் 'சுலோ பெரிம்மா'. சுலோ பெரிம்மா சடை பின்னினார், சுலோ பெரிம்மா கதை சொன்னார், சுலோ பெரிம்மா வீட்டில் முறுக்கு. கன்னிமார் என்பவர்கள் முன்னொரு காலத்தில் நம்மைப் போலப் பெண்களாக இருந்து, பிறகு சாமியாகப் போனவர்களாம். "நெஜமாங்க அத்தை?" நிஜம் இல்லை, அது ஒரு கதை என்றேன். "சுலோ பெரிம்மா நெஜம்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மற்றவர்கள் அவளைத் தங்கம், கண்ணு, அம்மிணி என்றெல்லாம் அழைக்கிறார்கள். நான் பெயர் சொல்லி அழைக்கிறேன். பெயர் வைத்திருப்பது அழைக்கத்தான்.

தினமும் காலை இட்லியில் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போகிறாள். வரிசையில் மூன்றாவது கல்லருகே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பது பால்கனியிலிருந்து தெரிகிறது. அணிலுக்காக இருக்கும். வாய் அசைகிறது. பாட்டு ஏதாவது பாடுவாளாக இருக்கும்.

மே 15

நான் சடை பின்னிவிடட்டுமா என்று கேட்டேன். "பெரிம்மா பின்னிட்டாங்க அத்தை" என்று திரும்பிக் காட்டினாள். நேர்த்தியாகத்தான் இருந்தது.

மே 18, ஞாயிறு

காலை சங்கக் கூட்டம். பார்க்கிங்கில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் வழக்கமாகப் போவதில்லை. இன்று போனேன்.

தங்கவேலு எழுந்து பேசினார். "திருமுருகன்பூண்டியில சிலை செய்யறவங்களப் பாத்துட்டு வந்துட்டனுங்க. ஏழு கன்னிமாரு, மேல சின்னதா கான்கிரீட் மண்டபம், கீழ டைல்ஸ். நாய் கீய் போகாம சுத்தி கிரில் போட்டரலாம். இப்ப இருக்கற எல, தழையெல்லாம் எடுத்துப் போட்டுட்டுச் சுத்தம் பண்ணீரலாமுங்க."

"குழந்தைங்க எங்க விளையாடறது?" என்று கேட்டேன்.

"பார்க்கிங்ல வெளையாடட்டுமுங்க மேடம். சாமியா, வெளையாட்டா?"

சஹானா முன்வரிசையில் சுலோச்சனாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். சுலோச்சனாவின் கை அவள் முதுகில் இருந்தது. எழுந்திருக்கும் முன் நான் அதைக் கவனித்தேன்.

சுருக்கமாகத்தான் பேசினேன். அந்த வீட்டைக் கட்டியவர்கள் குழந்தைகள். கற்களை நட்டவள் சஹானா, விளையாட்டுக்காக நட்டாள். ஏழு என்பது தற்செயல். கூரையை வாழைநாரால் கட்டியது நான். தண்ணீர் வந்தது மழையால். "அங்க யாரும் வரல. அது வெறும் பொம்மை வீடு. அத அவங்ககிட்டயே விட்டுடுங்க."

பின்னால் யாரோ ஓர் ஆள், "அடக் கெரகமே! எங்கூட்டுக்காரி மொட்டை போடறதா வேண்டியிருக்கறா. இனி யாருகிட்டப் போயி வாபஸ் வாங்கறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கவேலுவும் சிரித்துவிட்டு அடுத்து லிஃப்ட் பராமரிப்புக்குப் போய்விட்டார். சுலோச்சனா மட்டும் சிரிக்கவில்லை.

"படிச்சவங்க சொன்னா செரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

குழந்தைகளின் வீடு குழந்தைகளிடமே திரும்பிவிட்டது. நல்லபடியாக முடிந்தது.

சஹானா மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்றாள். மாலையிலும் வேண்டாம் என்றாள். வெயில் அதிகம்.

மே 19

மரத்தடியில் கயிறு இல்லை. அகல் விளக்குகளும் இல்லை. கற்களின் மஞ்சளை யாரோ துடைத்து எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பார்க்கிங்கில் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

"இனிமே அங்க விளையாடலாம். யாரும் திட்ட மாட்டாங்க" என்றேன் ஹர்ஷினியிடம்.

"போரடிக்குது ஆன்ட்டி."

மே 21

இட்லி மீந்துவிட்டது. சஹானா மரத்தடிக்குப் போகவில்லை.

பதினொரு மணிக்குச் சுலோச்சனா வந்தார். சஹானாவின் ரிப்பன் அவர் வீட்டில் கிடந்ததாம். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார்.

"உங்க மனசு வருத்தப்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க. உள்ளதைத்தான் சொன்னேன்" என்றேன்.

"புள்ளைங்க கட்டுனதுன்னு எனக்குத் தெரியாதுங்களா மேடம்? எம் பால்கனிக்கு நேரா இருக்கற எடம். நீங்க நாரு கட்டுனதையும் பாத்தனுங்க. கட்டுனது யாரா இருந்தா என்னங்க? எந்தக் கோயல மனுசன் கட்டாம இருந்தான்?"

இதற்கு என்னிடம் பதில் உண்டு. சொல்லவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் வூட்டுலயே கும்புட்டுக்குவேன். பாப்பாளத்தான் நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "மூணாவது கல்லுகிட்டயே உக்காந்து பேசீட்டிருக்குமே, எதுக்குன்னு கேட்டீங்களா?"

"இல்லை."

"அவுங்கம்மாளாமா. எங்கிட்ட ஒருக்காத்தான் சொல்லுச்சு. இட்லி ஆறீருமுன்னு ஓடும்."

ரிப்பனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

மே 22

தேர்வுத்தாள்களை முடித்து அனுப்பினேன்.

மே 24

இரண்டு நாள் மழை. கீழே போய்ப் பார்த்தேன். மேற்குச் சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டது. கூரை மட்டும் நார்க் கட்டோடு சேற்றில் கிடந்தது. புதிதாகச் செம்மண் பிசைந்து சுவரை எழுப்பினேன். பஞ்சு மெத்தை நனைந்திருந்தது. மாற்றினேன். குனிந்து வேலை செய்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நிமிர்ந்தபோது பால்கனியில் சஹானா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்று கையசைத்தேன். அசையாமல் நின்றாள்.

மேலே வந்து, அவளருகே தரையில் உட்கார்ந்து, "சஹானா, அந்த மூணாவது கல்லு..." என்று தொடங்கினேன்.

அதற்கு மேல் வரவில்லை. உன் அம்மா அங்கே இருக்கிறாள் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, நாற்பது பேர் முன்னால். இரண்டுக்கும் நடுவில் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். எனக்குக் கிடைக்கவில்லை.

அவள்தான் எனக்கு உதவினாள். "வெறுங் கல்லுதானுங்களே அத்தை" என்றாள், ரொம்ப மரியாதையாக.

மே 28

நந்தகுமார் வீடியோவில் வந்தான். போனைச் சஹானாவிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். குக்கரை நிறுத்திவிட்டேன். விசில் சத்தத்தில் அவர்கள் பேசுவது கேட்காமல் போய்விடக்கூடாது என்பதற்காக அல்ல. பருப்பு வெந்திருக்கும் என்று நினைத்தேன். வேகவில்லை.

"அத்த வூடா, சித்தி வூடா? எங்க தங்கம் இருக்கற?"

"ஈரோடு."

"அத்தை உன்ன நல்லாத்தான பாத்துக்கறாங்க?"

"நல்லாப் பாத்துக்கறாங்கப்பா."

"பின்ன?"

அவன் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, ஈரோடுங்கறா. அங்க புள்ளைங்க இருக்குதுக, அதான் போல. உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

"எனக்கென்ன. நல்லதுதான்."

ஜூன் 1, ஞாயிறு

சுகன்யாவும் அவள் கணவரும் காரில் வந்தார்கள். சாம்பார், கத்திரிக்காய் பொரியல், பாயசம். பாயசத்தில் சர்க்கரை போட மறந்திருந்தேன். சுகன்யா சத்தமில்லாமல் எழுந்துபோய் எடுத்துவந்து எல்லோருக்கும் கலக்கினாள்.

பெட்டியை அடுக்கும்போது சின்ன அறையில் நானும் சுகன்யாவும் மட்டும்.

"அக்கா, நேத்து போன்ல பாப்பா ஒண்ணு கேட்டா. 'நான் போயிட்டா அத்தைக்கு நிம்மதியா இருக்குமா சித்தி'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"அப்படியெல்லாம் இல்ல கண்ணுன்னேன். நாஞ் சொல்லி என்னாகப் போகுது? நீங்க சொன்னாத்தானேக்கா."

"வண்டில வெக்கறதுக்கு முன்னாடி தண்ணி பாட்டில்ல தண்ணி பிடிச்சிடு" என்றேன்.

கீழே, சஹானா காரில் ஏறும் முன் பி பிளாக்குக்கு ஓடிச் சுலோச்சனாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவள் நெற்றியில் திருநீறு இருந்தது. என்னிடம் "போயிட்டு வரேனுங்க அத்தை" என்றாள். தலையில் கை வைத்தேன். முடி எண்ணெய் வைத்து அழுத்தமாக வாரியிருந்தது. அது கலைந்துவிடக் கூடாதே என்று எடுத்துவிட்டேன்.

ஜூன் 2

பள்ளிகள் திறந்துவிட்டன. பால் அரை லிட்டர் போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 5

மண் மாதிரிப் பெட்டிகளை மறுபடி சின்ன அறைக்கு மாற்றத் தொடங்கினேன். இரண்டு பெட்டி மாற்றினேன். பிறகு கூடத்திலேயே இருக்கட்டும் என்று திரும்பக் கொண்டுவந்தேன். அந்த அறையில் ஈரம் அதிகம்.

ஜூன் 8, ஞாயிறு

மஸ்கட்டுக்கு நானே போன் செய்தேன். நந்தகுமார் பதறிவிட்டான். நான் கூப்பிடுவது வழக்கமில்லை.

"என்னக்கா, உடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்ல. சஹானா எப்படி இருக்கா?"

"நல்லாருக்கறாளாமா. சுகன்யா தெனம் போட்டோ அனுப்பறா. உனக்கு அனுப்பலியா?"

அனுப்புகிறாள். நான் பதில் எழுதுவதில்லை. சற்று நேரம் மழை பற்றிப் பேசினோம். பிறகு சொன்னேன். "நந்து, அவ இங்கயே இருந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்."

"என்னக்கா சொல்ற? ரெண்டும் ஒண்ணுதான்னியே."

"சொன்னேன்."

"அவ உனக்குத் தொந்தரவுன்னு நெனச்சுட்டுப் போயிருக்கறா. நானும் அப்படித்தான் நெனச்சேன்." அவன் குரல் ஏறியது. "ஊரக் கூட்டி வெச்சு, கல்லுல சாமியில்லைன்னு உண்மையச் சொன்னியாமே. சுகன்யா சொன்னா. இந்த ஒண்ண அந்தப் புள்ளகிட்டச் சொல்லறதுக்கு உனக்கு வாயில்லாமப் போச்சா?"

சிக்னல் சரியில்லை, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 11

தலைவலி. பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காந்திபுரத்தில் ஈரோடு பேருந்து ஏறினேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு வருகிறேன் என்று கேட்பார்கள். பெருந்துறை தாண்டும்வரை அதற்கு ஒரு காரணம் யோசித்துக்கொண்டு போனேன். ஆய்வுக் கூட்டம், தெரிந்தவர் வீட்டுத் துக்கம், இந்தப் பக்கம் ஒரு மண் பரிசோதனை. மூன்றும் நம்பும்படியாக இருந்தன.

சுகன்யா கதவைத் திறந்து, "வாங்கக்கா! என்ன, சொல்லாம கொள்ளாம?" என்றாள்.

"சஹானாவைப் பார்க்க வந்தேன்."

வேறு ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அவள் மொட்டைமாடியில் சுகன்யாவின் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். சுகன்யா மூன்று முறை கூப்பிட்ட பிறகு இறங்கி வந்து, "வாங்க அத்தை" என்றாள். மூச்சு வாங்கியது. பிறகு ஓடிவிட்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தேன். சுகன்யாவின் கணவர் நூல் விலை பற்றிப் பேசினார். மேலே தடதடவென்று ஓடும் சத்தம். அதில் எந்தக் கால் அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டோம். பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். மூன்று மணிக்கு, பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்தேன். சுகன்யா இன்னும் கொஞ்சம் இருக்கச் சொன்னாள். உபசாரத்துக்குச் சொல்வதுதான்.

கேட்டருகே செருப்பு மாட்டும்போது சஹானா வந்து நின்றாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"எதுக்குங்க அத்தை வந்தீங்க?"

"உன்னைப் பாக்கத்தான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மேலேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இவள் திரும்பவில்லை.

"பாத்தாச்சுங்களா?"

"இன்னும் இல்ல" என்றேன்.